வாடகை வண்டிச் சாரதியும் விற்பனை வரிப் பதிவும்

திருக்கோணமலைத் துறைமுகப் பட்டினத்தை அடுத்துள்ள பாலையூற்றில், பிறரிடம் சம்பளத்துக்கு நில்லாது, தமக்கென ஒரு வானோ காரோ முச்சக்கர வண்டியோ வைத்து வாடகைக்கு ஓட்டிச் சீவனம் நடத்துவோர் உளர். இதனை ஊரார் 'ஹயருக்குப் போதல்' என்பர். விடியற்காலையிற் கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒரு குடும்பம், பிற்பகலில் நிலாவெளிக் கடற்கரைக்கு உல்லாசப் பிரயாணிகள் இருவர், இரவிற் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வெளிநாடு செல்லும் ஒரு பிள்ளையும் வழியனுப்பச் செல்லும் சுற்றமும் என இத்தொழிலின் நாட்கள் கழிகின்றன. எமது கல்லூரியிற் கற்று வெளியேறிய இளைஞருட் சிலர் அரசாங்க உத்தியோகத்துக்குக் காத்திராது இத்தொழிலை மேற்கொள்கின்றனர். கடல் கடந்து சென்ற பழைய மாணவருட் சிலரும் ரொறன்ரோ, சிட்னி, இலண்டன் ஆகிய நகரங்களில் இதே தொழிலைச் செய்து குடும்பத்தைக் காக்கின்றனர்.

இவ்விரு சாராரும் தொலைபேசியில் அளவளாவும்போது எழும் கேள்விகளுள் ஒன்று, "வரிக்குப் பதியவேண்டுமா?" என்பது. "தம்பி, முதல் ஓட்டத்துக்கு முன்னரே பதிந்துவிடு, பிந்தினால் வட்டியோடு கேட்பார்கள்" என்கிறார் ஸ்காபரோவிலுள்ள சித்தப்பா. "எங்கடை சந்தியிலை ஒருவரும் பதியவில்லையே, பதிந்தால் வீண் தொல்லைதானே" என்கிறான் பாலையூற்றிலுள்ள தம்பி. இருவர் கூற்றும் பொய்யன்று. இருவர் கூற்றும் மற்றவர்க்குப் பொருந்துவதுமன்று. சித்தப்பா தாம் வாழும் நாட்டின் சட்டத்தைச் சொல்லுகிறார். தம்பியோ ஒரு பதிவை மனத்திற் கொண்டு வேறொரு பதிவையும் சேர்த்து மறுக்கிறான். இம்மயக்கத்தினால் பணமும் மன அமைதியும் இழந்தோர் இருபுறத்தும் உளர் ஆதலின், இப்பொருளைச் சிறிது விரித்துரைக்க முற்படுகின்றோம்.

முதற்கண் 'பதிவு' என்னும் சொல்லைப் பார்ப்போம். ஒரு வாடகை வானின் சொந்தக்காரர்க்குப் பதிவுகள் பல. வாகனம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதியப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெறப்படுகிறது. தம் பெயரிலன்றி வேறு பெயரிலே தொழில் நடத்துவாராயின் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவும் உண்டு. இவை ஒன்றேனும் வருமான வரியையோ விற்பனை வரியையோ சார்ந்ததன்று. வாகன அனுமதிப்பத்திரத்தின் பெயரில் 'வருமானம்' என்னும் சொல் இருத்தலால், அதற்குப் பணம் கட்டியோர் வருமான வரியும் கட்டிவிட்டதாக எண்ணுதலைக் கேட்டிருக்கின்றோம். அங்கே வருமானம் எனப்படுவது அரசிறையே, சாரதியின் சம்பாத்தியமன்று.

வரி சார்ந்த பதிவுகள் இரண்டே. ஒன்று, உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தரும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம். மக்கள் 'டின் இலக்கம்' என்று சுருங்கக் கூறுவது இதுவே. மற்றையது பெறுமதி சேர் வரிக்கான பதிவு. இதனையே எம் முன்னோர் வழக்கிற் பொதுவாக விற்பனை வரிப் பதிவு எனலாம். முன்னையது ஆளுக்கு உரியது. பின்னையது அவருடைய வியாபாரத்தின் பருமனுக்கு உரியது. இவை இரண்டும் ஒன்றெனக் கருதப்பட்டமைக்கு ஒரு காரணம் உண்டு. பதினெட்டு வயது நிரம்பியோர் இறைவரித் திணைக்களத்திற் பதிந்து இலக்கம் பெறல் வேண்டும் என்ற விதி 2024 ஜனவரி 1ஆம் தேதி தொடங்கியது. பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 18 ஆக உயர்ந்ததும் அதே நாளில். அதுவரை விலக்கப்பட்டிருந்த பெற்றோலும் டீசலும் அவ்வரிக்குள் வந்ததும் அதே நாளில். ஒரே புத்தாண்டுத் தினத்தில் மூன்று செய்திகளும் ஒருங்கே வந்து சேர்ந்தமையால், "டின் எடுத்தால் நூற்றுக்குப் பதினெட்டுக் கட்டவேண்டும்" என்ற வதந்தி சந்திகளிற் பரவியதில் வியப்பில்லை.

இனி, பெறுமதி சேர் வரி என்பது யாது? அது விற்பவரின் இலாபத்தின் மேலான வரியன்று. வாங்குவோர் கொடுக்கும் விலையின் மேலான வரி. விற்பவர் அதனை அறவிட்டு அரசாங்கத்திடம் சேர்ப்பிக்கும் இடையாள் மட்டுமே. 1954இல் பிரான்சு தேசத்திலே மொறிஸ் லோரே என்னும் வரி அதிகாரியின் முயற்சியால் இம்முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னிருந்த புரள்வு வரிகளின் குறை யாதெனின், ஒரு பொருள் கைமாறுந்தோறும் முழு விலையின் மீதும் வரி விழுந்து, வரியின்மேல் வரியாக அடுக்கடுக்காய் ஏறுதல். லோரேயின் முறை அவ்வடுக்கை நீக்கியது.

ஓர் எடுத்துக்காட்டாற் காட்டுவோம். மரக்காலைக்காரர் ஒருவர் 100,000 ரூபாய்ப் பலகையைத் தளபாடம் செய்வோருக்கு விற்று, அதன்மேல் 18,000 ரூபாய் வரி பெறுகிறார். தளபாடக்காரர் அப்பலகையில் அலமாரி செய்து 160,000 ரூபாய்க்கு விற்று, 28,800 ரூபாய் வரி பெறுகிறார். அவர் அரசாங்கத்துக்குக் கட்டுவது 28,800 அன்று. தாம் முன்னர்க் கொடுத்த 18,000ஐக் கழித்து 10,800 ரூபாயே கட்டுகிறார். அவர் தம் உழைப்பாற் சேர்த்த பெறுமதி 60,000. அதில் நூற்றுக்குப் பதினெட்டு 10,800 ஆதல் காண்க. பெறுமதி சேர் வரி என்ற பெயர் இதனாற் போந்தது. இருவரும் கட்டிய தொகை 18,000உம் 10,800உம் சேர்ந்து 28,800. அதனை முற்றாகச் சுமப்பவர் அலமாரியை வீட்டுக்குக் கொண்டுபோனவர். இக்கழிவைப் பெறும் உரிமை இருவரும் பதிந்தவராயிருத்தலால் வருவது. பதியாதவரிடத்தே சங்கிலி அறுந்துவிடும். அவர் கொடுத்த வரி அவரோடு நின்றுவிடும்.

இலங்கையில் 1981ஆம் ஆண்டின் புரள்வு வரிச் சட்டம் நெடுங்காலம் வழங்கிற்று. 1998 ஏப்ரல் 1 முதல் பொருட்கள் சேவைகள் வரி வந்தது. 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரிச் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் அதன் இடத்தைப் பெற்றது. வீதம் நிலையாக நின்றதில்லை. 2019 டிசம்பரில் 8 ஆகக் குறைந்தது. 2022 யூனில் 12, அவ்வாண்டு செப்டெம்பரில் 15, பின்னர் 18 என ஏறிற்று. வீதத்தினும் மிகுதியாக ஆடியது பதிவெல்லை. எவ்வளவு புரள்வு உள்ளவர் பதிதல் வேண்டும் என்னும் எல்லை 2020இல் ஆண்டுக்கு 300 மில்லியன் ரூபாயாக உயர்த்தப்பட்டு, 2022 ஒக்டோபரில் 80 மில்லியனாகவும், 2024 ஜனவரியில் 60 மில்லியனாகவும், அஃதாவது 6 கோடி ரூபாயாகவும் இறக்கப்பட்டது. காலாண்டுக் கணக்கில் அது ஒன்றரைக் கோடி. 2026 ஏப்ரல் முதல் அதனை 36 மில்லியனாக்கலாம் என்னும் முன்மொழிவு 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றது.

இவ்வெண்களை ஒரு வானுக்கு அருகில் வைத்துப் பார்த்தாற்றான் அவற்றின் பொருள் விளங்கும். ஒரு வான் நாளொன்றுக்கு 15,000 ரூபாய்க்கு ஓடுகிறதெனவும், மாதத்தில் 25 நாள் ஓட்டம் உண்டெனவும் கொள்வோம். (மழைக்காலத்தில் இது கனவு என்பதைச் சாரதிகள் அறிவர், எனினும் கணக்குக்காகக் கொள்க.) மாதம் 375,000, ஆண்டுக்கு 45 இலட்சம். 6 கோடியைத் தொடுவதற்கு இத்தகைய வான்கள் பதின்மூன்றுக்கு மேல் வேண்டும். எல்லை 36 மில்லியன் எனினும் எட்டு வான்கள் வேண்டும். ஆகவே ஒரு வானைத் தாமே ஓட்டும் சாரதி, எல்லை அந்த இரண்டில் எதுவாயினும், பெறுமதி சேர் வரிப் பதிவுக்கு வெகு தொலைவில் நிற்கின்றார். சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு என 2022 ஒக்டோபரில் வந்த நூற்றுக்கு இரண்டரை வீத அறவீட்டுக்கும் 2024 முதல் அதே 6 கோடி எல்லையே வைக்கப்பட்டதாதலின், அதற்கும் இக்கணக்குப் பொருந்தும்.

ஈண்டு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பேருந்து முதலிய பொதுப் பயணிகள் போக்குவரத்தைச் சட்டம் இவ்வரியிலிருந்து விலக்கியுள்ளது. ஆயின் உல்லாசப் பயணச் சேவையும் டாக்சிச் சேவையும் அவ்விலக்கினுள் அடங்கா. எனவே வாடகை வான்காரர் தப்பியிருப்பது தம் தொழிலுக்குச் சட்டம் அளித்த விலக்கினால் அன்று. தம் புரள்வு சிறிதாயிருத்தலால் மட்டுமே. பத்துப் பதினைந்து வான்களை ஒருவர் தம் பெயரிற் சேர்த்து நிலாவெளி ஹோட்டல்களுக்கு ஒப்பந்தத்தில் ஓட்டத் தொடங்குவாராயின், காலாண்டுதோறும் புரள்வைக் கூட்டிப் பார்த்தல் அவர் கடன். எல்லையைக் கடந்தாலும், கடக்கும் என நம்புதற்குக் காரணம் இருந்தாலும், பதினைந்து நாட்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பித்தல் வேண்டும். புரள்வு என்பது கைக்கு வந்த மொத்த வாடகை. டீசல், ரயர், சாரதி சம்பளம் ஆகியவற்றைக் கழித்த மிச்சமன்று. இதனைப் பிழையாகக் கொண்டு இலாபத்தை எல்லையோடு ஒப்பிடுவோர் பலர்.

பதியாத சாரதி இவ்வரியை அறவே செலுத்தாதவர் என்று எவரேனும் ஏளனம் செய்வாராயின் அது அறியாமை. அவர் 40,000 ரூபாய்க்கு ஒரு ரயர் வாங்கும்போது அதன்மேல் 7,200 ரூபாய் கொடுக்கிறார். 2024இலிருந்து அவர் அடிக்கும் டீசலிலும் இவ்வரி கலந்துள்ளது. அவருக்கு மீளப்பெறும் வழி இல்லை. தளபாடக்காரரின் கதையில் அலமாரியை வாங்கிய வீட்டுக்காரர் எவ்விடத்தில் நின்றாரோ, அவ்விடத்திலேயே ரயர் வாங்கிய சாரதியும் நிற்கிறார். அச்சுமையை வாடகையிற் சேர்த்துக் கொள்ளவோ தாமே தாங்கவோ வேண்டும். சந்தியிற் பேரம் பேசும் பிரயாணி அதனை அறிவதில்லை.

ஹோட்டல் ஒன்றுக்கோ கம்பனி ஒன்றுக்கோ ஓடும்போது, "வரிச்சிட்டை தா" என்று கணக்காளர் கேட்பதுண்டு. அவர் கேட்பது, தாம் கழித்துக்கொள்ளத்தக்க பெறுமதி சேர் வரி குறிக்கப்பட்ட சிட்டை. பதியாதவர் அத்தகைய சிட்டையை எழுதுதலும், வாடகையின்மேல் 18 வீதம் எனத் தனியே அறவிடுதலும் சட்டத்துக்கு மாறானவை. சாதாரணப் பற்றுச்சீட்டில் நாள், தூரம், வாடகை ஆகியவற்றை எழுதிக் கொடுத்தல் போதும். ஒருவர் உண்மையிற் பதிந்தவரோ எனப் பார்ப்பதற்கு எளிய அடையாளம் ஒன்றுண்டு: டின் இலக்கம் ஒன்பது இலக்கங்களாலானது, பெறுமதி சேர் வரிப் பதிவிலக்கமோ அவ்வொன்பதின் பின் 7000 என முடிவது. அடுத்த முறை ஹோட்டற் சிட்டை ஒன்று கைக்கு வரும்போது மேலே நோக்குக.

கணக்காளரின் நச்சரிப்புக்காகத் தாமாகவே பதியலாமோ எனின், சட்டம் அதற்கும் இடமளிக்கிறது. ஆனால் அன்று முதல் ஹோட்டலுக்கு மாத்திரமன்று, கன்னியாவுக்குப் போகும் ஏழைக் குடும்பத்துக்கும் வாடகையின்மேல் 18 வீதம் சேர்த்துக் கேட்கவேண்டும். குறித்த காலந்தோறும் விபரத்திரட்டுச் சமர்ப்பிக்கவேண்டும். ஓட்டமில்லாத காலத்திலும் அக்கடமை நீங்காது. ஒரு வான் மட்டும் உடையவர்க்கு இது நட்டமான பேரம் என்பது எமது கருத்து.

டின் இலக்கம் அங்ஙனமன்று. அதனைப் பெறுதலாலே வரி விழுவதில்லை. வருமானம் எல்லையைக் கடந்தாலன்றிக் கட்டுவதற்கு ஒன்றுமில்லை. 2025 ஏப்ரல் 1இல் தொடங்கிய மதிப்பீட்டு ஆண்டு முதல் ஒருவர்க்குரிய வருமான வரி நிவாரணம் 18 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. மேற்சொன்ன வானின் 45 இலட்சத்தில் டீசல், திருத்தம், காப்புறுதி, வட்டி, சட்டம் அனுமதிக்கும் தேய்மானக் கழிவு ஆகியவை 24 இலட்சம் எனக் கொண்டால் இலாபம் 21 இலட்சம். நிவாரணம் போக மிஞ்சுவது 3 இலட்சம். முதற் பத்து இலட்சத்துக்கு வீதம் நூற்றுக்கு ஆறு. ஆகவே வரி 18,000 ரூபாய். செலவுக்குச் சிட்டை இல்லையேல் இவ்விலாபத்தை நிறுவுவது கடினம். வரி விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் சமர்ப்பித்தல் வேண்டும். இலாபம் 18 இலட்சத்துக்குட்பட்டால் வரியே இல்லை. இதற்கஞ்சி இலக்கம் எடாதிருத்தல், பாம்பென்று கயிற்றுக்கு அஞ்சுதலை ஒக்கும்.

இப்போது சித்தப்பாவின் நாட்டுக்குச் செல்வோம். அங்கேதான் விடயம் தலைகீழாகிறது.

கனடாவில் பொருட்கள் சேவைகள் வரி 1991 ஜனவரி 1இல் வந்தது. ஒன்ராறியோ மாகாணத்தில் 2010 யூலை முதல் மத்திய வரி 5உம் மாகாண வரி 8உம் இணைந்து 13 வீதமாக அறவிடப்படுகிறது. அங்கும் சிறு வியாபாரிக்கு ஓர் எல்லை உண்டு: தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் 30,000 டொலருக்கு மேற்படாதவர் பதியவேண்டியதில்லை. வீட்டிலிருந்து பலகாரம் சுட்டு விற்பவரும், மாலையிற் சங்கீதம் கற்பிப்பவரும் இவ்வெல்லையின் நிழலில் வாழ்கின்றனர். புதிதாகச் சென்ற எம்மவர் ஒருவர், "முப்பதினாயிரம் வரை பயமில்லை" என்று கோயிலிலோ கடையிலோ கேள்விப்பட்டுக் கார் ஓட்டத் தொடங்குகிறார். அவ்வுரை பலகாரக்காரர்க்கு மெய், சாரதிக்குப் பொய். டாக்சித் தொழில் செய்வோர்க்கு அந்நாட்டுச் சட்டம் அவ்வெல்லையைத் தரவில்லை. முதல் டொலரிலிருந்தே அவர் பதிந்திருத்தல் வேண்டும். 2017 யூலை 1 முதல் டாக்சித் தொழில் என்பதன் வரைவிலக்கணம் விரிக்கப்பட்டு, ஊபர் முதலிய கைத்தொலைபேசிச் செயலி வழியாக ஆளேற்றுவோரும் அதனுட் கொண்டுவரப்பட்டனர்.

ஏனைய சிறு தொழிலாளர்க்குள்ள சலுகை சாரதிக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட்டது? புகையிரத நிலையத்தின் முன் வரிசையில் நிற்கும் இரு டாக்சிகளை எண்ணிப் பாருங்கள். கட்டணம் நகரசபை விதித்தது, இருவர்க்கும் ஒன்றே. ஒருவர் பதிந்தவர், மற்றவர் எல்லைக்குட்பட்டதாற் பதியாதவர் எனின், ஒரே கட்டணத்தில் ஒருவர் வரியைக் கட்ட, மற்றவர் அதனைத் தம் பையிற் போட்டுக்கொள்வார். அன்றேல் பிரயாணி எந்தக் கதவைத் திறக்கிறார் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். அது நேரிதன்று. எனவே யாவரும் பதிக என்று விதிப்பது இவ்விடருக்கு நேரான பரிகாரம். அந்நியாயம் எமக்கு விளங்குகிறது. எனினும், மீற்றரும் நகரசபைக் கட்டணமும் இல்லாத செயலி வண்டிகளுக்கும் அதே விதியை நீட்டியபோது, வாரத்தில் இரு இரவு மட்டும் ஓட்டும் மாணவனும் அவ்வலையில் அகப்பட்டான் என்பதையும் சொல்லவேண்டும்.

ஆளேற்றுதலும் பொதியேற்றுதலும் ஒன்றன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. உணவுப்பொதி கொண்டுசெல்வோர்க்குச் சாதாரண 30,000 டொலர் எல்லையே உரியது. அதே காரில் அதே மாலையில் ஒரு மனிதரை ஏற்றிய கணமே டாக்சி விதி பற்றிக்கொள்ளும்.

ஒன்ராறியோவில் ஒரு சாரதி ஆண்டில் 50,000 டொலர்க் கட்டணத்துக்கு ஓடினாரெனக் கொள்வோம். அதன்மேல் அறவிடும் வரி 6,500 டொலர். பெற்றோல், திருத்தம், செயலிக் கம்பனியின் தரகு ஆகியவற்றின்மேல் அவர் கொடுத்த வரி 1,700 டொலர் எனின், கட்டவேண்டியது 4,800. சிட்டைகளைச் சேர்த்து வைக்க இயலாதார்க்கு 'விரைவு முறை' என ஒன்றுண்டு: வரியோடு சேர்ந்த மொத்தம் 56,500 டொலரில் 8.8 வீதம், அஃதாவது 4,972; அதிலிருந்து முதல் 30,000 டொலருக்கு ஒரு வீதமாகிய 300ஐக் கழித்தால் 4,672. இவ்வெடுத்துக்காட்டில் விரைவு முறை சற்று இலாபமானது. செலவு மிக்கவர்க்கு மற்றையது இலாபமாகலாம். வரி கணிக்கப்படுவது கம்பனி தரகு எடுத்தபின் வங்கிக்கு வந்த தொகையின்மேல் அன்று, பிரயாணி கொடுத்த முழுக் கட்டணத்தின்மேல்.

பொறி எங்குளதெனின், இவ்வரிப் பணம் வாராவாரம் கட்டணத்தோடு சேர்ந்து சாரதியின் வங்கிக் கணக்கில் விழுகிறது. ஆண்டுக்கொரு முறை விபரத்திரட்டுச் சமர்ப்பிப்பவர், அடுத்த ஆண்டு ஏப்ரல் 30 அன்றே அதனைக் கட்டவேண்டும். அதற்குள் வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் காசு, பிள்ளையின் அரங்கேற்றம் என்று அது கரைந்துவிடுகிறது. தமதல்லாத பணத்தைத் தமதென்று செலவு செய்தவர் ஏப்ரலிற் கடன்படுகிறார். பதியாமலே ஓடியவர் நிலை அதனினும் துன்பமானது: 40,000 டொலருக்கு ஓடியவரிடம் 13 வீதம் 5,200 டொலரும் அதன் வட்டியும் பின்னாளிற் கேட்கப்படலாம், அவரோ அதனைப் பிரயாணியிடம் வாங்கியிருக்கமாட்டார். ஸ்காபரோச் சித்தப்பாவின் குரலிலுள்ள கலக்கம் இதனால் வந்தது.

அவுஸ்திரேலியாவும் கனடாவின் வழியே நிற்கிறது. அங்குப் பொருட்கள் சேவைகள் வரி 2000 யூலை 1இல் வந்தது; வீதம் பத்து. பொதுவான பதிவெல்லை ஆண்டுக்கு 75,000 டொலர். டாக்சிப் பயணம் அளிப்போர்க்கோ எல்லையே இல்லை. 2015இல் அந்நாட்டு வரித் திணைக்களம், செயலி வழி ஆளேற்றுவோரும் டாக்சிக்காரரே என்றது. ஊபர் கம்பனி ஒப்பாது வழக்காடியது. 2017 பெப்ரவரி 17 அன்று சமஷ்டி நீதிமன்றத்தில் நீதியரசர் கிறிபித்ஸ் தீர்ப்பளித்தார்: 'டாக்சி' என்பதைச் சாதாரண வழக்கிலுள்ள பொருளிற் கொள்ளுதல் வேண்டும், கட்டணம் கொடுத்து, பிரயாணி சொல்லும் இடத்துக்குக் கொண்டுபோய் விடும் வாடகைப் பயணம் அதனுள் அடங்கும். ஒரு சொல்லின் பொருளை நிகண்டு பார்த்து ஆராயும் எம் தமிழாசிரியர்களுக்கு இத்தீர்ப்பு உவப்பாயிருக்கும். அதன் பயன், சிட்னியில் இரவு நேரத்தில் மட்டும் ஓட்டும் எம்மவரும் வியாபார இலக்கம் பெற்றுப் பதிந்து, கட்டணத்தில் பதினொன்றில் ஒரு பங்கை வரியென ஒதுக்கவேண்டியதாயிற்று.

இலண்டன் சாரதி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர் அல்லர். பெரும்பாலும் இலங்கைச் சாரதியின் பக்கத்திலேயே நிற்கிறார். பிரித்தானியாவிற் பெறுமதி சேர் வரியின் வீதம் இருபது. பதிவெல்லை 2024 ஏப்ரல் 1 முதல் 90,000 பவுண். தனியார் வாடகைச் சாரதிக்கென வேறு எல்லை வைக்கப்படவில்லையாதலால், தனியொருவராய் ஓட்டுவோர் அதனைத் தொடுதல் அரிது. எனினும் வருமான வரிக்குப் பதிந்தே ஆகவேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் முதல் சாரதி உரிமத்தைப் புதுப்பிக்கும்போதே வரிப் பதிவு சரிபார்க்கப்படுகிறது. 2021 பெப்ரவரி 19 அன்று உயர்நீதிமன்றம் ஊபர் சாரதிகளைத் தொழிலாளர் எனத் தீர்த்தது. ஆயின் அது குறைந்த கூலி, விடுமுறை முதலிய தொழில் உரிமைகள் பற்றியது. வருமான வரிக்கு அவர்கள் சுயதொழிலாளராகவே இருந்தனர்.

தமிழ்நாடு வேறொரு வழியைக் காட்டுகிறது. இந்தியாவில் 2017 யூலை 1இல் சரக்கு சேவை வரி வந்தபோதே, செயலி மூலம் அமர்த்தப்படும் வாடகைக் காருக்குரிய வரியை அச்செயலி நடத்தும் கம்பனியே செலுத்தவேண்டும் என்று சட்டத்தின் 9(5) ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்டது. வீதம் ஐந்து. சென்னையில் ஒரே காரை ஓட்டும் சாரதி அப்பயணங்களுக்காகப் பதிவு, விபரத்திரட்டு என அலையவேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான சாரதிகளைத் தேடித் திரிவதினும் ஒரு கம்பனியைப் பிடித்தல் அரசாங்கத்துக்கும் எளிது. கனடாவும் அவுஸ்திரேலியாவும் இம்முறையைக் கைக்கொண்டிருந்தால் எம்மவர் பலரின் ஏப்ரல் மாதங்கள் இனிதாயிருந்திருக்கும்.

ஆகவே பாலையூற்றிலிருந்து புலம்பெயர்ந்து, போன இடத்திலும் சாரதியாக எண்ணுவோர் விமானம் ஏறுமுன் கேட்டறியவேண்டியது, "பதிவெல்லை எவ்வளவு?" என்பதன்று; "அவ்வெல்லை ஆளேற்றுவோர்க்கும் உரியதா?" என்பதே. அங்கிருந்து தாயகத்துக்கு அறிவுரை கூறுவோரும் டின் இலக்கத்தையும் பெறுமதி சேர் வரியையும் பிரித்துக் கூறுவாராக.

கணக்குப் புத்தகத்தைப் பற்றி ஒரு சொல். எந்நாட்டுச் சாரதிக்கும் ஒரு கொப்பியும் சிட்டைகளைப் போட்டு வைக்க ஒரு தகரப்பெட்டியும் போதுமானவை. ஓட்டத்துக்கு ஒரு வரியாக நாள், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கிலோமீற்றர், பெற்ற முழுக் கட்டணம், தரகு என எழுதுக. எதிர்ப்பக்கத்தில் எரிபொருளும் திருத்தமும் எழுதுக. குடும்பத் தேவைக்கு ஓடிய தூரத்தையும் விடாது குறிக்க. வாகனச் செலவு முழுவதையும் தொழிற் செலவெனக் கூறமுடியாது. ரயர்க் கடைச் சிட்டைகளின் மை வெயிலில் விரைவில் மங்குமாதலால் அவற்றைப் படம் பிடித்து வைத்தலும் நன்று. இப்பதிவேடுகளை அவுஸ்திரேலியாவில் ஐந்து ஆண்டுகளும், கனடாவில் அவை உரிய வரியாண்டின் முடிவிலிருந்து ஆறு ஆண்டுகளும் வைத்திருத்தல் வேண்டும். பெட்டியைக் காரின் பின்புறத்தில் வையாது வீட்டிலே வைக்க.